'ஃபாசில்' என்று யாரைச் சொல்வது? கல்லான மரமும் கல்லாகும் மனமும்

நம் வீடுகளுக்குள் இப்போது ஒரு சொல் இரண்டு வழிகளில் வருகிறது. பிள்ளைகளின் அறிவியல் பாடத்தில் அது 'புதைபடிவம்' என்று வருகிறது. பெரியவர்களுக்கும் இளைஞர்களுக்கும் நடக்கும் வாக்குவாதத்தில் 'நீங்க ஒரு ஃபாசில்' என்று வருகிறது. முதலாவது கல்லைப் பற்றியது, இரண்டாவது மனிதரைப் பற்றியது.

போச்சம்பள்ளி, கிருஷ்ணகிரி பகுதிக் குடும்பங்கள் இரண்டைப் பற்றியும் நம்மிடம் கேட்டிருக்கிறார்கள். 'புதைபடிவம் என்பதை நம்பலாமா, அது ஈமானுக்குப் பாதகமா?' என்பது பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் கேள்வி. 'என் மகன் என்னை அப்படிச் சொன்னானே, அதற்கு என்ன அர்த்தம்?' என்பது ஒரு தகப்பனாரின் கேள்வி. ஒரே சொல்லைப் பற்றியவை என்பதால் இரண்டையும் சேர்த்தே விளக்குகிறோம்.

நேர்ப்பொருள் என்ன?

'ஃபாசில்' என்பது லத்தீன் மொழியிலிருந்து வந்தது. 'தோண்டி எடுக்கப்பட்டது' என்பதே அதன் முதல் பொருள். பல நூற்றாண்டுகளுக்கு முன் மண்ணிலிருந்து எடுக்கும் தாது, கல் எல்லாவற்றுக்குமே ஐரோப்பாவில் அந்தப் பெயர்தான் இருந்தது. பிறகுதான் பழங்கால உயிர்களின் எச்சம் என்ற குறுகிய பொருள் நிலைத்தது. அரபியில் இதற்கு 'உஹ்ஃபூரா' என்கிறார்கள். தோண்டுதல் என்ற பொருள் கொண்ட 'ஹஃபர' என்ற வினையிலிருந்து பிறந்த சொல் அது. தமிழில் 'புதைபடிவம்', அதாவது புதைந்து படிந்த வடிவம். மற்ற இரு மொழிகளும் தோண்டுவதைச் சொல்ல, தமிழ் புதைந்ததைச் சொல்கிறது.

ஒரு மரம் எப்படிக் கல்லாகிறது? அதைக் கண்ணால் பார்க்க வெகுதூரம் போக வேண்டியதில்லை. நம் பகுதியிலிருந்து திருவண்ணாமலை, செஞ்சி வழியாகக் கிழக்கே போனால் விழுப்புரம் மாவட்டத்தில் திருவக்கரை இருக்கிறது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை பாதுகாக்கும் தேசியக் கல்மரப் பூங்கா அங்கே உள்ளது. சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய மரங்கள் என்று புவியியலாளர்கள் கணிக்கும் அடிமரங்கள் அங்கே கல்லாகக் கிடக்கின்றன. அவற்றில் கிளையோ வேரோ இலையோ இல்லை. அதனால் அவை அங்கேயே வளர்ந்தவை அல்ல, வெள்ளம் அடித்துக் கொண்டு வந்து மணலில் புதைத்தவை என்று சொல்கிறார்கள்.

மணலுக்குள் ஆழமாகப் புதைந்த மரத்துக்குக் காற்று எட்டாது. அதனால் அது சீக்கிரம் மக்கிப் போவதில்லை. மண்ணில் ஊறும் நீரில் சிலிகா போன்ற தாதுக்கள் கரைந்திருக்கும். அந்த நீர் மரத்தின் நுண்ணிய அறைகளுக்குள் புகுகிறது. மரப்பொருள் கொஞ்சம் கொஞ்சமாக நீங்க, அந்த இடத்தில் தாது படிகிறது. கடைசியில் மரத்தின் வளையமும் கணுவும் அப்படியே தெரியும், ஆனால் கையில் எடுத்தால் கனமான கல். வடிவம் மரத்துடையது, உள்ளே இருப்பது வேறொன்று. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சொல்லின் இரண்டாவது பொருளைப் புரிந்துகொள்ள இதுதான் தேவைப்படும்.

பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் இதைவிடப் பழைய கல்மரம் ஒன்று 18 மீட்டருக்கும் மேல் நீளமாகக் கிடக்கிறது. டைனோசர்கள் வாழ்ந்த கிரீத்தேசியக் காலத்தைச் சேர்ந்தது அது. அரியலூர், பெரம்பலூர் பகுதிகளை அந்தக் காலத்தில் கடல் மூடியிருந்தது. அதனால்தான் இன்று வயலுக்கும் சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்கும் நடுவே கடல் சிப்பிகள் கல்லாகக் கிடைக்கின்றன.

நம் ஊர்க் கல்லில் ஏன் இல்லை?

போச்சம்பள்ளியைச் சுற்றிக் கல்லுக்குக் குறைவே இல்லை. கிருஷ்ணகிரி மாவட்டத்துக் கிரானைட் வெளிநாடுகள் வரை போகிறது. அப்படியிருக்க, இங்கே ஒரு சிப்பிகூட ஏன் கிடைப்பதில்லை என்று பிள்ளைகள் கேட்பது நியாயமான கேள்வி.

கிரானைட் என்பது பூமிக்குள் உருகிய பாறைக் குழம்பு ஆறி இறுகியது. அந்த வெப்பத்தில் எந்த உயிரின் தடமும் தங்காது. மேலும் இந்தப் பகுதியின் அடிப்படைப் பாறைகள் ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள் பழமையானவை என்று கணிக்கிறார்கள். மரமும் மீனும் பூமியில் தோன்றுவதற்கு வெகு முந்தைய காலம் அது. சில கற்களைப் பிளக்கும்போது செடியின் கிளைபோலக் கறுப்புக் கோடுகள் தெரியும். அது செடி அல்ல, மாங்கனீசுத் தாது கல்லின் விரிசலில் படர்ந்த கோலம்.

ஆனால் புதைபடிவம் வேறொரு வடிவில் இங்கே தினமும் நம் கையில் இருக்கிறது. பெட்ரோல், டீசல், நிலக்கரி ஆகியவற்றைப் 'புதைபடிவ எரிபொருள்' என்கிறோம். நிலக்கரி பழங்காலத் தாவரங்களிலிருந்து வந்தது. பெட்ரோலியம் பெரும்பாலும் கடலில் வாழ்ந்த நுண்ணுயிர்களிலிருந்து வந்தது. பலரும் நினைப்பதுபோல டைனோசரிலிருந்து அல்ல. போச்சம்பள்ளியில் ஓலா நிறுவனத்தின் மின்சார ஸ்கூட்டர் ஆலை வந்த பிறகு இந்தச் சொல் நம் பிள்ளைகளுக்குப் பழகிவிட்டது. ஸ்கூட்டரில் பெட்ரோல் இல்லாவிட்டாலும், அதற்கு ஏற்றும் மின்சாரத்தில் ஒரு பகுதி நிலக்கரியை எரித்தே வருகிறது என்பதையும் சேர்த்துத் தெரிந்துகொள்வது நல்லது.

ஈமானுக்குப் பாதகமா?

புதைபடிவம் என்பது மேற்கத்தியர் கண்டுபிடித்து நம்மீது சுமத்திய விஷயம் என்று சிலர் நினைக்கிறார்கள். நம் வரலாறு அப்படிச் சொல்லவில்லை. கி.பி. 973-ல் பிறந்த அல்பீரூனி, அரபுப் பாலைவனம் ஒரு காலத்தில் கடலாக இருந்தது என்று எழுதினார். கிணறும் குளமும் தோண்டும்போது கிடைக்கும் கற்களை உடைத்தால் உள்ளே சிப்பிகள் இருப்பதை அதற்குச் சான்றாகக் காட்டினார். அவருடைய காலத்தவரான இப்னு சீனா (கி.பி. 980–1037), செடிகளும் பிராணிகளும் எப்படிக் கல்லாக மாறக்கூடும் என்பதைத் தம் 'ஷிஃபா' நூலில் ஆராய்ந்தார். இருவரும் கண்ணால் கண்டதிலிருந்து காரணத்தைத் தேடினார்கள்.

பூமியில் பயணம் செய்து படைப்பு எப்படித் தொடங்கியது என்று பார்க்கும்படி குர்ஆன் (29:20) நம்மைத் தூண்டுகிறது. பூமியின் வயது இத்தனை ஆண்டு என்று அது எந்த எண்ணையும் தரவில்லை. எனவே ஒரு கல்மரம் கோடிக்கணக்கான ஆண்டுகள் பழமையானது என்று படிப்பதால் ஒரு பிள்ளையின் ஈமான் குறைந்துவிடாது. பரிணாமக் கொள்கையை எந்த அளவுக்கு ஏற்பது என்பது வேறு விவாதம். அதில் அறிஞர்கள் பேச வேண்டியது நிறைய உண்டு. கல்லில் இருக்கும் சிப்பியை இல்லை என்று சொல்வதற்கு அந்த விவாதம் காரணமாகாது.

நமக்கு உண்மையில் ஆபத்து வேறு பக்கமிருந்து வருகிறது. ஆது சமூகத்தாரின் எலும்புக்கூடு சவூதி பாலைவனத்தில் கிடைத்தது என்று ஒரு படம் இன்றும் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. மிகப் பெரிய மனித மண்டையோடும், பக்கத்தில் எறும்புபோல் ஒரு ஆளும் அதில் தெரிவார்கள். 2002-ல் ஓர் இணையதளம் நடத்திய பட ஒட்டுவேலைப் போட்டிக்காகச் செய்யப்பட்ட படம் அது. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் யானை இனத்தைச் சேர்ந்த மாஸ்டோடான் எலும்புகளைத் தோண்டியபோது எடுத்த புகைப்படத்தின் மேல் மனித எலும்புக்கூட்டை ஒட்டியிருக்கிறார்கள். நேஷனல் ஜியாகிரஃபிக் 2007-லேயே இதை விளக்கிவிட்டது.

இது எல்லோருக்கும் நேரும் தவறுதான். 2020 அக்டோபரில் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் உருண்டைக் கற்கள் கிடைத்தபோது 'டைனோசர் முட்டை' என்று செய்தி பரவியது. அவை முட்டைகள் அல்ல, அம்மோனைட் எனும் கடல் உயிரி வாழ்ந்த காலத்து வண்டல் திரண்டு இறுகிய கற்கள் என்று வல்லுநர்கள் விளக்கினார்கள். ஆனால் குர்ஆனுக்குச் சான்று என்று சொல்லி ஒரு பொய்ப் படத்தைப் பரப்பும்போது அதன் பாரம் கூடுகிறது. நாளை அது பொய் என்று தெரியவரும்போது பிள்ளையின் மனதில் படத்தோடு சேர்ந்து வேறொன்றும் ஆட்டம் காணும். வரும் செய்தியை விசாரித்துத் தெளியும்படி 49:6 வசனம் இட்ட கட்டளை இதற்கும் பொருந்தும். ஆது சமூகத்தைப் பற்றிய குர்ஆனின் செய்திக்கு ஒட்டுவேலைப் படத்தின் துணை தேவையில்லை.

ஆளைச் சொல்லும்போது

இனி இரண்டாவது பொருளுக்கு வருவோம். காலத்தோடு நகராத மனிதரை 'ஃபாசில்' என்று கேலி செய்வது ஆங்கிலத்திலிருந்து நம் இளைஞர்களின் பேச்சுக்கு வந்தது. தமிழில் இதே வேலையைச் செய்ய 'பழைய பஞ்சாங்கம்' இருக்கிறது, 'பத்தாம்பசலி' இருக்கிறது.

இந்தப் 'பத்தாம்பசலி'யைக் கொஞ்சம் கவனியுங்கள். இதில் உள்ள 'பசலி', பருவம் என்ற பொருள்தரும் 'ஃபஸ்ல்' என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது. முகலாயர் காலத்து வரி வசூல் ஆண்டுக்கு அந்தப் பெயர். தக்காணத்தில் ஷாஜஹான் காலத்தில், ஹிஜ்ரி 1046-ல் (கி.பி. 1636), அந்த ஹிஜ்ரி எண்ணையே எடுத்துக்கொண்டு, அங்கிருந்து அறுவடைக்கு ஏற்றபடி சூரிய ஆண்டாக எண்ணத் தொடங்கினார்கள். இன்றும் தமிழக வருவாய்த் துறை ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை பசலி ஆண்டாகத்தான் கணக்கு வைக்கிறது. போச்சம்பள்ளி தாலுகா அலுவலகத்தில் ஜமாபந்தி நடக்கும்போது அறிவிப்பில் இந்த எண்ணைப் பார்க்கலாம். 2024 ஜூலையில் தொடங்கியது பசலி 1434.

எண்ணிக்கையே ஆயிரத்துக்குப் பக்கத்தில் தொடங்கியதால் பசலி 10 என்று ஓர் ஆண்டு நடைமுறையில் இருந்ததே இல்லை. 'இல்லாத காலத்து ஆள்' என்று ஒருவரைக் கேலி செய்ய உருவான சொல், தானே நானூறு ஆண்டுப் பழமையைச் சுமந்துகொண்டு தாலுகா அலுவலகத்தில் உயிரோடு வேலை செய்கிறது. பழையது என்பதாலேயே ஒன்று செத்துப்போனது ஆகாது என்பதற்கு வேறு உதாரணம் தேவையில்லை.

நம்மிடம் வந்த தகப்பனாரின் விஷயம் இதுதான். மகளுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு முடிந்தது. கல்லூரிக்கு அனுப்ப அவருக்கு மனமில்லை. தொழிற்சாலையில் வேலை பார்க்கும் மகன் தங்கைக்காகப் பேசினான். பேச்சு முற்றியபோது, 'அத்தா, நீங்க ஒரு ஃபாசில்' என்று சொல்லிவிட்டு ஷிஃப்டுக்குப் போய்விட்டான். இவர் நம்மிடம் வந்து, 'ஹஜ்ரத், மதரஸாவில் ஓதி முடித்தவர்களை மௌலவி ஃபாஸில் என்பார்களே, அதுவா இது?' என்று கேட்டார். அந்த ஃபாஸில் சிறப்புக்குரியவர் என்ற பொருள்தரும் அரபுச் சொல் என்றும், மகன் சொன்னது வேறு சொல் என்றும் விளக்கினோம். பொருள் தெரிந்ததும் அவருடைய முகம் வாடியது. 'அவன் என்னைக் கல்லு என்கிறான்' என்றார்.

மகன் கேட்டது நியாயமானது. கல்வி தேடும் பெண்ணைத் தடுக்க மார்க்கத்தில் ஆதாரம் இல்லை. ஆனால் அவன் சொன்ன விதம் நியாயமானது அல்ல. பெற்றோரிடம் சலிப்பைக் காட்டும் 'உஃப்' என்ற சிறு ஓசையைக்கூடக் குர்ஆன் (17:23) தடுத்திருக்கும்போது, இந்தச் சொல் எந்தக் கணக்கில் சேரும்?

தகப்பனோடு கருத்து வேறுபடுவது எப்படி என்பதற்கு இப்ராஹீம் நபி (அலை) அவர்கள் நமக்கு முன்மாதிரி. அவர்களுடைய தந்தை வணங்கியது கல்லையும் மரத்தையும். அதைவிடப் பெரிய கருத்து வேறுபாடு இருக்க முடியாது. ஆனால் மர்யம் அத்தியாயத்தின் நான்கு வசனங்களில் (19:42–45) ஒவ்வொன்றிலும் 'யா அபதி' என்று பாசத்தோடு தந்தையை அழைத்தே பேசுகிறார்கள். அவர் கல்லால் அடிப்பேன் என்று மிரட்டியபோதும் ஸலாம் சொல்லியே விலகினார்கள். மறுப்பில் தளர்வு இல்லை, அழைப்பில் கடுமையும் இல்லை.

உண்மையில் கல்லாவது எது?

ஆனால் தகப்பன்மார் இதைப் படித்துவிட்டு நிம்மதியாகி விடக்கூடாது. அந்த வசை தவறு என்றாலும், அது சுட்டும் நோய் இல்லாத ஒன்று அல்ல. அரபியில் கல்லாகிப் போனதை 'முதஹஜ்ஜிர்' என்கிறார்கள். ஹஜருல் அஸ்வத் என்பதில் வரும் அதே 'ஹஜர்' தான் அதன் வேர். புதைபடிவத்துக்கும் அந்தச் சொல் பொருந்தும், இறுகிப்போன சிந்தனைக்கும் பொருந்தும். அதே மூன்று எழுத்து வேரிலிருந்து தடை, வேலி என்ற பொருளும் வருகிறது. ஃபஜ்ர் அத்தியாயத்தில் (89:5) 'ஹிஜ்ர்' என்ற சொல் அறிவைக் குறிக்கிறது. தீயதிலிருந்து தடுத்து நிறுத்துவது அறிவு என்பதால் அந்தப் பெயர் என்று விரிவுரையாளர்கள் விளக்குவார்கள். தடுக்க வேண்டியதைத் தடுத்தால் அது அறிவு. எல்லாவற்றையும் தடுத்தால் வெறும் கல்.

புகாரியில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. நபி (ஸல்) அவர்களோடு தொழுத கிராமவாசி ஒருவர், எனக்கும் முஹம்மதுக்கும் மட்டும் அருள் செய், வேறு யாருக்கும் வேண்டாம் என்று துஆ செய்தார். தொழுகை முடிந்ததும், விசாலமான ஒன்றை நீர் குறுக்கிவிட்டீர் என்ற கருத்தில் நபியவர்கள் அவரைத் திருத்தினார்கள். அங்கே அவர்கள் பயன்படுத்திய வினைச்சொல் இந்த 'ஹ-ஜ-ர' வேரிலிருந்து வந்ததுதான். அல்லாஹ் விரித்து வைத்ததை நாம் வேலி போட்டுக் குறுக்குவதற்கு அந்தச் சொல்.

ஹதீத் அத்தியாயத்தின் 57:16 வசனம் இன்னும் நெருங்கி வருகிறது. முன்பு வேதம் கொடுக்கப்பட்டவர்கள்மீது நீண்ட காலம் கடந்தது, அவர்களுடைய உள்ளங்கள் இறுகிவிட்டன, நீங்கள் அப்படி ஆகாதீர்கள் என்பது அதன் கருத்து. காலம் நீள்வது, பிறகு உள்ளே இறுகுவது: ஒரு மரம் கல்லாகும் அதே வரிசை. வேதம் அவர்கள் கையில்தான் இருந்தது. வெளித்தோற்றம் கலையவில்லை. உள்ளே இருந்தது மாறிவிட்டது.

நம்மிடம் இதற்கு உதாரணம் வேண்டுமா? நிக்காஹ் பதிவேட்டைத் திறந்து பாருங்கள். மணமகன் மணமகளுக்கு மனமுவந்து கொடுக்க வேண்டியது மஹர் (4:4). சபையில் மஹர் தொகை உரக்கச் சொல்லப்படுகிறது, எழுதப்படுகிறது, சாட்சிகள் கையெழுத்திடுகிறார்கள். வடிவத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அதற்கு முந்தைய வாரம் பெண் வீட்டிலிருந்து கைக்கூலி, நகை, வண்டி எல்லாம் மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். கொடுக்க வேண்டியவர் வாங்குகிறார், வாங்க வேண்டியவள் வீட்டார் கடன்படுகிறார்கள். மரத்தின் வளையம் அப்படியே இருக்க, மரம் மட்டும் இல்லாமல் போனது என்றோமே, அது இதுதான். 1961-ஆம் ஆண்டு வரதட்சணைத் தடைச் சட்டம்கூட மஹரை வரதட்சணையிலிருந்து பிரித்து வைத்திருக்கிறது. சட்டம் கண்ட வித்தியாசம் நம் கண்ணுக்குத் தெரியாமல் போகலாமா?

வேடிக்கை என்னவென்றால், நவீனமாகப் பேசும் பல இளைஞர்கள் இந்த இடத்தில் மட்டும் 'அது பெரியவங்க பேசுறது' என்று ஒதுங்கிக்கொள்கிறார்கள். தந்தையை ஃபாசில் என்றவர், தந்தை வாங்கிக் கொடுத்த கைக்கூலி வண்டியில் போகிறார். கல்லாவதற்கு வயது தடையில்லை என்பதற்கு இது போதும்.

எப்படிப் பிரித்தறிவது?

வீட்டில் ஒரு பழக்கத்தைப் பற்றி வாக்குவாதம் வந்தால், 'இது பழையதா புதியதா?' என்று கேட்பதை விட்டுவிடுவோம். அதற்குப் பதிலாக மூன்றைக் கேட்போம். இது அல்லாஹ்வும் தூதரும் சொன்னதா, நம் ஊர் வழக்கமா? இது எதற்காக வந்தது? அந்த நோக்கம் இன்னும் இதற்குள் இருக்கிறதா?

ஐவேளைத் தொழுகை பதினான்கு நூற்றாண்டுப் பழமையானது. அதன் நோக்கம் உயிரோடு இருக்கும் வீட்டில் அது புதைபடிவம் அல்ல. நோக்கம் நீங்கிய இடத்தில் நேற்று தொடங்கிய வழக்கம்கூடக் கல்தான். மகளின் படிப்பைத் தடுக்கும் தந்தை, 'என் தகப்பனார் காலத்தில் இல்லை' என்பதைத் தவிர வேறு காரணம் உண்டா என்று தம்மையே கேட்கட்டும். போக்குவரத்து, பாதுகாப்பு பற்றிய கவலை என்றால் அது உயிருள்ள கவலை. அதை மகளோடும் மகனோடும் உட்கார்ந்து பேசித் தீர்க்கலாம். மகனும் 'நீங்க ஒரு ஃபாசில்' என்பதற்குப் பதில், 'அத்தா, எதை நினைச்சுப் பயப்படுறீங்க?' என்று கேட்டுப் பார்க்கட்டும்.

கல்லுக்கும் மனிதனுக்கும் ஒரு பெரிய வேறுபாடு இருக்கிறது. திருவக்கரையில் கிடக்கும் கல்மரம் இனி ஒருபோதும் துளிர்க்காது. ஆனால் உள்ளங்கள் இறுகியதைச் சொன்ன வசனத்தை அடுத்து வரும் 57:17, செத்துப்போன பூமியை அல்லாஹ் உயிர்ப்பிக்கிறான் என்பதை நினைவூட்டுகிறது. பகரா அத்தியாயம் (2:74) கல்லைவிடக் கடினமான உள்ளங்களைப் பற்றிச் சொல்லும்போதே, ஆறுகள் பீறிட்டு வரும் கற்களும் உண்டு என்று சொல்கிறது. இறுகிய மனிதர் மறுபடி இளக வழி இருக்கிறது. அதனால் எந்தத் தந்தையையும், எந்த மகனையும் முடிந்துபோனவர் என்று நாம் எழுதிவிட முடியாது.

நம் பிள்ளைகளின் அறிவையும் நம் பெரியவர்களின் உள்ளங்களையும் அல்லாஹ் விசாலமாக்குவானாக. ஆமீன்.